ஒரு வரி கீழே

எங்கள் அச்சகத்தில் முதலில் தீர்ந்துபோவது நீல மைதான். மற்ற அச்சகங்களில் கறுப்பு தீரும். எங்கள் நாட்டுப் பிள்ளைகள் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு அடுத்தவர் நாட்டுச் சண்டையை விலக்கிவிடப் போக ஆரம்பித்த பிறகு இங்கே எல்லாம் நீலமாகிவிட்டது. அதற்கு முன்னால் எங்களை உலகத்தில் யாருக்குத் தெரியும்? வரைபடத்தில் எங்கள் பெயரை எழுத இடம் போதாமல் கடலுக்குள் எழுதி, அங்கிருந்து ஒரு கோடு இழுத்துக் காட்டியிருப்பார்கள். தொப்பி வந்த பிறகு கதை மாறியது. பாடநூல் அட்டையில் தொப்பி, தபால்தலையில் தொப்பி. எங்கள் தெருமுனைச் சலூன்காரன்கூடக் கடைக்கு 'அமைதி' என்று பெயர் வைத்தான். உள்ளே போனால் அரசியல் பேசி ஆளுக்கு ஆள் மல்லுக்கட்டுவார்கள், அது வேறு விஷயம்.

நான் அச்சகத்தில் கட்டிங். காகிதம் வெட்டுகிற மெஷின் என்னுடையது. மெஷினையும் ஆளையும் சேர்த்து ஒரே பெயரில் கூப்பிட்டுவிடுவார்கள். முன்பக்கம் அச்சகம், பின்பக்கம் முதலாளியின் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. முதலாளி ஆர்டர் பிடிப்பார், அச்சு மெஷின் ஓட்டுவார், மீதி நேரத்தில் கத்துவார். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பதும் பிழை திருத்துவதும் அவர் மனைவி. வயதில் எனக்கு ஆறேழு வருடம் இளையவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இதில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி. ஆறடி உயரம். வீட்டில் அவன் பெயர் சின்னவன். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். படையில் சேர்ந்து நாலு வருடம் கழித்து, நீலத் தொப்பியோடு கப்பல் ஏறிய எண்ணூறு பேரில் அவனும் ஒருவனாகப் போனான்.

அந்த எண்ணூறு பேர் சட்டைப்பையிலும் நாங்கள் அடித்த அட்டை ஒன்று இருந்தது. நாலாக மடிக்கிற அட்டை. நாற்பது சொற்கள். இடது பக்கம் நம் மொழி. வலது பக்கம் அந்த ஊர் மக்கள் மொழி, நம் எழுத்தில். வணக்கம், தண்ணீர், எங்கே வலிக்கிறது, இப்படி. முதல் மாதமே வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது: எத்தனையோ நாட்டுப் படைகள் வந்திருக்கின்றன, மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசுகிற படை இது ஒன்றுதான் என்று. அமைச்சர் அதை மேடைக்கு மேடை வாசித்தார். முதலாளி அந்தப் பத்திரிகைப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். அதில் ஒரு வரிகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் விரலை வைத்து, "இதான், இந்த எடத்துலதான் நம்ம அட்டையப் பத்திப் போட்டிருக்கான்" என்று காட்டுவார். காட்டுகிற இடம் நாளுக்கு நாள் மாறும்.

அந்தத் திங்கட்கிழமை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஈரத்தில் காகிதம் ஊதிப்போய் மெஷினில் ரெண்டு ரெண்டாக ஏறியது. அடித்துக்கொண்டிருந்தது அரசாங்கப் போஸ்டர். 'உலகின் வாசலில் நம் பிள்ளைகள்' என்று மேலே நீலத்தில் பட்டை எழுத்து. கீழே சின்னவன், குடத்தோடு நிற்கிற பெண்களுக்கு லாரியிலிருந்து தண்ணீர் பிடித்துவிடுகிற படம். யாரோ எடுத்த படம், யாரோ தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பையன் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலாளிதான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மை காயவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பின பக்கமெல்லாம் சின்னவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

எதிர்க்கடை டீக்காரர் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"முதலாளி, உங்க மச்சான் போட்டோவ டிவியில போடுறான்!"

"பாத்தியாடா கட்டிங்!" முதலாளி மெஷினை நிறுத்தினார். "போஸ்டர் கடையவிட்டு வெளிய போகல, அதுக்குள்ள பய டிவிக்கே போயிட்டான். அடியே, வா வா, ஒந்தம்பி டிவியில வர்றானாம்!"

டீக்காரர் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார். திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்று, "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார். டீக்காரர் கையிலிருந்த போனை நீட்டினார்.

முந்தின நாள் மதியம். சாலையில் ஒரு சோதனைச் சாவடி. வெங்காயம் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன சின்ன வேன். ஓட்டி வந்த பெண்ணைச் சுட்டுவிட்டான் நம் சிப்பாய். அங்கேயே உயிர் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்குக் கையில் காயம். அதற்கு முந்தின வாரம்தான் இன்னொரு சாவடியில் வண்டி ஒன்று நிற்காமல் வந்து வெடித்து, வேறொரு நாட்டுப் படையில் ரெண்டு பேர் செத்திருந்தார்கள். சிப்பாய் மூன்று முறை எச்சரித்தும் வேன் நிற்கவில்லை என்று நம் பக்கம் சொன்னது. அந்தத் தங்கைப் பெண் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து பேசினாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். அவள் பேச்சின் மேல் நம் மொழியில் ஒரு பெண் குரல் ஓடியது: "அவர் எங்களைக் கூப்பிட்டார். வா வா என்று கூப்பிட்டார். நாங்கள் போனோம். போனதும் சுட்டார்."

பிறகு சின்னவன் படம். அதே தண்ணீர் லாரிப் படம், முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

வெளிநாட்டுச் செய்திக்காரன் எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகக் கேட்டேன். தப்பில்லாமல் சொன்னான்.

அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. நேற்றுவரை நம் தெருப் பையன் என்றவர்கள், "கூப்பிட்டு வச்சுச் சுடுவானாய்யா ஒருத்தன்? இத்தனை வருசம் சேத்த பேர ஒரு நிமிசத்துல கெடுத்துட்டானே" என்றார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகனை வைத்திருந்த தையல்காரர், "இனிமே அங்க எம்பையன் எந்த நாடுன்னு கேட்டா எப்படிச் சொல்லுவான்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். போஸ்டர்களைக் கயிற்றிலிருந்து எடுத்து முகம் உள்ளே இருக்கும்படி மடித்து அடுக்கினேன். மை இன்னும் காயாததால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

மறுநாள் மதியம் சின்னவன் கூப்பிட்டான். பத்து நிமிடம் அனுமதியாம். அக்கா போனைப் பேப்பர் ரீம் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலாளியும் நானும் ரெண்டு பக்கமும் நின்றோம்.

"அக்கா."

"சாப்பிட்டியாடா?"

"அக்கா, நான் நில்லுன்னுதான்க்கா சொன்னேன். சத்தியமா. மூணு தடவ கத்துனேன். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. வெளிநாட்டு விசாரணைக் குழு வியாழக்கிழமை விசாரிக்குது. நம்ம ஆபீசரே, தடுமாறிட்டேன்னு ஒத்துக்கோ, பாத்துக்கலாம்ங்கிறாரு."

"எந்த மொழியில சொன்ன? நம்ம மொழியிலயா?"

"அவங்க மொழியிலதான். நம்ம மொழியில கத்துனா அவங்களுக்கு என்ன புரியும்? மொழிபெயர்க்கிறவன் காய்ச்சல்னு வரல. நான் இத்தனை நாளா தண்ணி லாரியில இருந்தவன். சாவடிக்கு அன்னைக்குத்தான் மொத நாளு. காலையில அட்டையப் பாத்து சாவடிப் பக்கம் முழுக்க மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன்."

"என்ன வார்த்த சொன்ன?"

"செலே. செலே, செலேன்னு தொண்ட கிழியக் கத்துனேன். துப்பாக்கி ஒரு கையில, இன்னொரு கைய ஆட்டி ஆட்டிக் கத்துறேன். கத்தக் கத்த வேகமா வர்றாங்கக்கா. ஓட்டிட்டு வந்த பொண்ணு... அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. சாகடிக்க வர்றவ எதுக்கு சிரிக்கணும்? அதான் எனக்குப் புரியல. தூங்க முடியல."

"நெசமாவே நில்லுன்னுதான் சொன்னியாடா?" என்றார் முதலாளி.

"மாமா, நீங்களுமா?"

லைன் போய்விட்டது. அக்கா எழுந்து பீரோவுக்குப் போனார். அது வேலை முடிந்த கோப்புகள் வைக்கிற பீரோ. தும்மிக்கொண்டே ஒன்றொன்றாக இழுத்துப் போட்டார். அட்டைக்கான கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அந்த மொழி தெரிந்த வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பக்கத்தில் அச்சான அட்டையை விரித்து வைத்தார். என் மேசையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"அண்ணே, எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீங்க வாசிங்க."

வாத்தியார் கையெழுத்தை வாசித்தேன். "நில்லுங்கள், தோமா. வாருங்கள், செலே."

"இப்ப இது." அட்டையில் ஒரு வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார்.

"நில்லுங்கள்," என்று வாசித்து, ஸ்கேல் ஓரமாகவே வலது பக்கம் போனேன். "செலே."

வாசித்த வாயை மூட முடியவில்லை எனக்கு.

நடந்தது இதுதான். எங்கள் அச்சகத்தில் ரெண்டு பத்தி வந்தால் அக்கா ரெண்டு தனிப் பெட்டியாகத்தான் கோப்பார். கம்ப்யூட்டர் பழசு, கட்டம் போட்டால் பாதி நேரம் தொங்கிவிடும். சோதனைச் சாவடிப் பக்கத்தில் இடது பெட்டியில் முதல் வரி 'அடையாள அட்டையைக் காட்டுங்கள்'. அதன் கீழே நில்லுங்கள், வாருங்கள், இறங்குங்கள் என்று மொத்தம் எட்டு வரி. வலது பெட்டியில் ஒன்பது வரி, ஏனென்றால் கடைசியில் 'பயப்படாதீர்கள்' என்பது அந்த மொழியில் நீளம், ரெண்டு வரி பிடித்தது. புரூஃப் பார்த்து, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அச்சு பிளேட் எடுக்கப் போகிற நேரத்தில், ஆர்டர் கொடுத்த அரசாங்க அலுவலகத்திலிருந்து போன். காட்டுங்கள் என்று மொட்டையாக இருக்கிறதாம். நம் நாடு மரியாதைக்குப் பெயர்போன நாடாம். 'தயவுசெய்து' சேர்க்க வேண்டுமாம். அந்தப் பக்கம் என்ன போடுவது என்று முதலாளி கேட்டதற்கு, அவர்கள் மொழியில் அதற்கு வார்த்தையே கிடையாது, நம் பக்கம் மட்டும் போட்டால் போதும் என்றார்கள்.

அக்கா சேர்த்தார். சேர்த்ததும் முதல் வரி ரெண்டு வரியாக மடங்கியது. அதற்குக் கீழே இருந்த எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியது. இப்போது இடதும் ஒன்பது, வலதும் ஒன்பது. அடி ரெண்டும் சமமாக வந்து, முன்னைவிட லட்சணமாக இருந்தது. கப்பல் மறுநாள் என்பதால் ரெண்டாவது புரூஃப் எடுக்கவில்லை. எண்ணூறு அட்டையையும் வெட்டியவன் நான். வெட்டும்போது ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அடி என்னமா உக்காந்திருக்கு பாருங்க" என்று அக்காவிடம் பாராட்டு வேறு சொன்னேன். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

"நான்தான்," என்றார் அக்கா. "அந்தப் பொண்ணக் கொன்னது அவன் இல்ல. நான்."

"சும்மா இரு." முதலாளி திரையை இழுத்து மூடினார், தெருவுக்குத் திரை கிடையாது என்பதை மறந்து. "வாய்க்கு வந்தத பேசாத. போன் பண்ணி மாத்தச் சொன்னது அவங்க. அவசரப்படுத்துனது அவங்க."

"கோத்தது நான். ஒரு தடவ குறுக்கால வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். மேலருந்து கீழதான் வாசிச்சேன். நம்ம பக்கம் மட்டும். அந்தப் பக்கம் நமக்குப் புரியாதுன்னு விட்டுட்டேன்."

"சரி, இப்ப என்ன பண்ணலாங்கிற?"

"குழுவுக்குச் சொல்லணும்."

"சொன்னா? இந்த அச்சகத்த இழுத்து மூடிட்டு நாம எங்க போறது? அரசாங்க வேல ஒண்ணு இனி வருமா? இவன் எங்க போவான்?" என்னைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது, என்னை எதற்கு நடுவில் இழுக்கிறார் என்று. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"ஒந்தம்பிய நான் விட்டுக்கொடுக்கிறவனாடி?" முதலாளி குரலைத் தணித்தார். "அவனுக்கு மீச மொளைக்கிறப்பலருந்து பாக்குறேன். ஆனா கொஞ்சம் பொறு. அவங்களே ஏதாவது வழி பண்ணுவாங்க."

அவர்கள் வழி அன்று சாயங்காலமே குடையோடு வந்து நின்றது. அட்டைக்கு ஆர்டர் கொடுத்த விளம்பரப் பிரிவு அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை. மழையில் நடந்து வந்தவர் செருப்பில்கூடச் சேறில்லை. அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்பது பார்த்ததும் தெரிந்தது. கையெழுத்துப் பிரதி, பிளேட், மிச்ச அட்டை, கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்பு எல்லாம் வேண்டும் என்றார்.

"எதுக்கு சார்?" என்றார் அக்கா.

"பதிவுக்கு."

"எங்க தம்பிதான் சார் அந்தச் சிப்பாய்."

அதிகாரிக்கு அது தெரியாது. குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "எனக்குத் தெரியாதும்மா. மன்னிக்கணும். பாருங்க, அவருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. பயத்துல தடுமாறிட்டார்னு முடிச்சிடுவோம். கொஞ்ச நாள் உள்ள இருப்பார், வந்துடுவார்."

"கூப்பிட்டுச் சுட்டவன்னு பேரோட வருவான்."

"ஒரு சிப்பாய் தடுமாறுனான்னா உலகம் மறந்துடும்மா. எல்லா நாட்டுலயும் நடக்கிறதுதான். ஆனா ஒரு நாட்டுக்கே 'நில்லு'ன்னு சொல்லத் தெரியலன்னு சிரிச்சாங்கன்னு வைங்க, அது போகவே போகாது. அந்த மொழி, அந்த அட்டை, இதனாலதானே நமக்கு இந்தப் பேரு? நாளைக்கு நம்ம பிள்ளைங்கள யாரு கூப்பிடுவாங்க? இருபது வருசமா கஷ்டப்பட்டுச் சேத்தது."

அவர் கெட்டவராக எனக்குத் தோன்றவில்லை. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது.

முதலாளி பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அக்கா தடுக்கவில்லை. எல்லாம் பைக்குள் போன பிறகுதான் கேட்டார்.

"மிச்ச அட்டை எப்ப சார் திரும்ப வாங்குவீங்க?"

"எந்த மிச்சம்?"

"எண்ணூறு பேரு பாக்கெட்டுல இருக்கே. அது."

அதிகாரி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "இப்ப திடீர்னு வாங்குனா, ஏன் வாங்குறீங்கன்னு குழு கேக்கும். விசாரணை முடியட்டும். அடுத்து போற ஆளுங்களுக்குப் புது அட்டை அடிப்போம். உங்களுக்கேதான் ஆர்டர்."

"விசாரணை முடியற வரைக்கும் அந்த ரோட்டுல ஒரு வண்டியும் வராதா சார்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காவை உட்காரவைக்க முடியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் போவார், இந்தப் பக்கம் வருவார். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்து மெஷினைத் துடைப்பார். சோறு அடிப்பிடித்த வாசனை வந்ததும் ஓடுவார். செய்தியில் ஓடிக்கொண்டிருந்த விசாரணைக் குழுவின் போன் எண்ணைக் கையிலேயே பேனாவால் எழுதி வைத்திருந்தார். தெருவில் ஏதாவது வண்டி பிரேக் போட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். "இப்ப அங்க மணி என்ன அண்ணே?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? "சந்த நேரமா இருக்குமோ?" என்றார்.

"அந்த நம்பர அழிச்சிடு," என்றார் முதலாளி.

"நீங்க வேணா சொல்லுங்க, எந்தம்பிக்காகத்தான் துடிக்கிறேன்னு. ஆமா, அவனுக்காகத்தான். ஆனா இந்த நிமிசம் இன்னொருத்தி வண்டி ஓட்டிட்டு வந்துக்கிட்டிருந்தா? இன்னொருத்தன் அட்டையப் பாத்து, அழகா, மரியாதையா, கூப்பிட்டுக்கிட்டு நின்னா? அவ எனக்கு யாரு? யாருமில்ல. இருந்தாலும் என்னால இங்க உக்கார முடியல."

முதலாளி வெளியே போய்த் தூறலில் நின்றார். அக்கா போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். வியாழன் காலை பதினோரு மணிக்கு, ஊருக்குள் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. மூன்று நாள் ஈரமும் தெருவிலிருந்து ஆவியாகக் கிளம்பிப் புழுங்கியது. துணைக்கு வரச் சொல்லி அக்கா என்னைக் கேட்கவில்லை; நானாகச் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றேன். முதலாளி மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாளாக மனைவியிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் படி இறங்கியதும், "கட்டிங்" என்றார்.

போனேன். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். எங்கள் அச்சகத்து வேலைச் சீட்டு. போனில் யார் என்ன மாற்றம் சொன்னாலும் தேதியும் நேரமும் போட்டு அதில் எழுதி வைப்பது அவர் வழக்கம். 'முதல் வரியில் தயவுசெய்து சேர்க்கவும். நம் பக்கம் மட்டும். மறு புரூஃப் வேண்டாம், நேரமில்லை' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கீழே அந்த அதிகாரியின் பெயர், அதற்கும் கீழே முதலாளியின் கையொப்பம்.

"அன்னைக்கு அவர்கிட்ட எல்லாத்தையும் குடுத்தேன். இத மட்டும் கை எடுக்க மாட்டேன்னுடுச்சு," என்றார் என்னைப் பார்க்காமல். "அவகிட்ட குடு. தான் மட்டும்தான் தப்பு பண்ணேன்னு அங்க போயி சொல்லிட்டு வரவேண்டாம்னு சொல்லு. நான் வரல. யாராவது கடையில இருக்கணும்."

கடையில் ஒரு வேலையும் இல்லை. வாசலில் நின்ற அக்காவுக்கு எல்லாமே காதில் விழுந்தது. சீட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அலுவலக அறையில் நீள மேசை, குளிர் காற்று, சுவரில் பெரிய திரை. திரையில் ரெண்டு கட்டம். ஒன்றில் சின்னவன், தொப்பி இல்லாமல், பக்கத்தில் ஓர் அதிகாரி. இன்னொன்றில் அந்தத் தங்கைப் பெண், கை கழுத்தில் கட்டிய துணியில். மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர், இந்தப் பக்கம் மொழிபெயர்க்கிற அம்மா ஒருவர். அவருக்கு நம் மொழி, அவள் மொழி, குழுவின் மொழி மூன்றும் தெரியும்.

அக்காவைத் திரையில் பார்த்ததும் சின்னவன் பாதி எழுந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. யார், என்ன வேலை, என்ன அட்டை, எந்த வரி எப்படி இறங்கியது, எல்லாவற்றையும் நோயாளி டாக்டரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். சீட்டை மேசைமேல் வைத்தார். "சாட்சி வேணும்னா அங்க இருக்கிற எந்தச் சிப்பாய் பாக்கெட்டுலயும் கைய விடுங்க. ஆனா மொதல்ல அத வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. அப்புறம் என்ன என்ன வேணாலும் கேளுங்க," என்றார்.

குழுத் தலைவர் சின்னவன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் தன் சட்டைப்பையிலிருந்தே ஓர் அட்டையை எடுத்து விரித்து, கேமராவுக்கு நேரே பிடித்தார். மொழிபெயர்க்கிற அம்மா எழுந்து திரைக்குக் கிட்டே போய், விரலால் குறுக்காகக் கோடு இழுத்து வாசித்தார். நில்லுங்கள், செலே. திரும்பி, செலே என்றால் வாருங்கள் என்று தலைவரிடம் சொன்னார். அந்த நிமிடமே தலைவர் போனை எடுத்து உத்தரவு போட்டார். ஒரு மணி நேரத்தில் எண்ணூறு அட்டையும் கைக்கு வரவேண்டும் என்றார்.

சின்னவன் அழுதான். ஆறடி ஆள், முகத்தை மூடாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "அக்கா, நீயாக்கா? நீ அடிச்ச அட்டைன்னுதான்க்கா கண்ண மூடிக்கிட்டு நம்புனேன்."

"ஆமாடா," என்றார் அக்கா.

நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். அப்போது அந்தத் தங்கைப் பெண் பேச ஆரம்பித்தாள். சத்தமில்லாத, நிதானமான குரல். ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க மொழியில 'தோமா'ன்னு எப்படிச் சொல்வீங்கன்னு கேக்குறாங்க," என்றார் மொழிபெயர்க்கிற அம்மா.

"நில்லுங்க," என்றார் அக்கா.

"நில்லுங்கோ," என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். வாயில் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். பிறகு தன் மொழியில், அவசரமே இல்லாமல், கொஞ்ச நேரம் பேசினாள். மொழிபெயர்க்கிற அம்மா எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் பேனாவை வைத்துவிட்டார்.

"அவங்க சொல்றாங்க: துப்பாக்கி வச்சிருக்கிறவங்க எல்லாரும் எங்ககிட்ட அவங்கவங்க மொழியிலதான் கத்துவாங்க. ஒண்ணும் புரியாது. பயந்து நின்னுடுவோம். அன்னைக்கு உங்க தம்பி எங்க மொழியில பேசுனார். எங்க அக்கா ரொம்ப சந்தோசப்பட்டா. 'பாரேன், நம்மளக் கூப்பிடுறாங்க'ன்னு சிரிச்சா. அவர் உங்க மொழியிலயே கத்தியிருந்தா நாங்க நின்னுருப்போம்."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா குனியவில்லை. திரையில் இருந்த பெண்ணை நேராகப் பார்த்து, "ஆமாம்மா, நின்னுருப்பீங்க," என்றார். மொழிபெயர்க்கிற அம்மா அதை அவளுக்குச் சொன்னார்.